முதுகைக் காட்டி வாசித்தவர்

தூத்துக்குடி
8.8.74

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் மகள் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

குழந்தையைத் தூக்கிக்கொள்ள வீட்டம்மா என்னையும் மாதா கோயில் திருவிழாக் கச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். இங்கிலீஷ் ராக் பாட்டு. கிட்டார்க்காரர் மிக்கேல் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே வாசித்தார். கூச்சமாம், என்னைப் போல. "ஏலே, மூஞ்சியைக் காட்டுலே!" என்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. ஒரு கம்பியை நெளித்து இழுத்தார். யாரோ விம்முவது போலிருந்தது. கடைசியில் அவர் அம்மா கீழேயிருந்து "மிக்கேலு" என்றார்கள். உடனே திரும்பிவிட்டார். கண் சிவந்திருந்தது.

நானும் இங்கே சுவரைப் பார்த்துத்தான் பாத்திரம் தேய்க்கிறேன். பயப்படாதீர்கள்.

கைவெடிப்புக்கு விளக்கெண்ணெய் கொடுத்துவிடுங்கள். அப்பா கருப்பட்டி வண்டியில் வரும்போது, பின்வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். இங்கே யாரும் பேர் சொல்வதில்லை, எல்லாருக்கும் நான் 'ஏளா'தான்.

குழந்தை அழுகிறது, போகிறேன்.

செல்லக்கிளி