மேட்டில் அணைக்காத எஞ்சின்

மச்சான்,

இன்று காலை சுங்கை ஊடாங் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் யாரோ தலைவலித் தைலத்தைத் திறந்தார்கள். அந்த நெடி ஏறியதும் நீ வந்துவிட்டாய்.

ரெம்பியா தோட்டத்தில் உன் தலைவலிக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு, லோரி ஓட்டும் சூடு. முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: மூளையைச் சுற்றிய சவ்வில் பூஞ்சை, ரத்தத்தில் எச்ஐவி. பூஞ்சை மருந்தில் நீ தேறி வருவதற்குள் வீட்டில் நீ சாப்பிடத் தனி மங்கு வைத்துவிட்டார்கள்.

பிறகு எச்ஐவிக்கான புதிய மாத்திரைகள். கன்னத்தில் சதை பிடித்தது. சில வாரங்களில் அதே தலைவலி, முன்னைவிட மோசமாக. உன் மாமா தீர்ப்புச் சொன்னார்: "மருந்து ஒத்துக்கலடா. நிறுத்திரு." நம் ஆட்களின் வழக்கமே அதுதான். உடம்பு முரண்டினால் மருந்தைத் தூக்கி எறிவோம். எறிந்திருந்தால் அப்போதே போயிருப்பாய்.

தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாய்: "மேட்டுல ஏறுறப்ப லோரி கத்தத்தான் செய்யும் மாமா. அங்க போயி எஞ்சின அணைப்பாங்களா? டாக்டர் சொல்லட்டும்லா!"

ஆஸ்பத்திரியில் மறுபடி நீர் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னார்: "பூஞ்சை வளரல. செத்ததோட மிச்சத்தப் பார்த்து, தெம்பு திரும்புன உங்க உடம்பு சண்ட போடுது. அந்த வீக்கம்தான் வலி. மாத்திரைய விட்டுராதீங்க." அழுத்தம் குறைய நீரை வடித்து, வீக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள்.

படுத்தபடியே மாமாவைச் சீண்டினாய்: "கேட்டீங்களா? என் ரத்தமே சண்ட போடுது. நம்ம தோட்டத் தொழிலாளர் சங்கம்தான் இன்னும் போடல!"

வலி அடங்கியது. அடுத்த மாரியம்மன் திருவிழாவில் அன்னதானப் பந்தியின் நடுவில் போய் உட்கார்ந்தாய். பக்கத்து ஆள் எழுந்து போனார். "நல்லதா போச்சு, அவரு எலையும் எனக்கு" என்று இழுத்தாய். உன் அம்மா அந்த இடத்தில் வந்து சம்மணமிட்டார். "அது என் எலடா, இப்படி தள்ளு." மறுநாள் அந்தத் தனி மங்கில் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்.

மறு வருஷம் உன் லோரி கவிழ்ந்தது. சாவு வீட்டிலும் "அந்த நோய்தான்" என்று முணுமுணுத்தார்கள். நான் கத்தினேன்: "நோய அவன் ஜெயிச்சிட்டான்யா! தேஞ்ச பிரேக்க மாத்தாத முதலாளிதான் கொன்னான். அத பேசுங்க!"

நான் கத்தியது எங்கெங்கோ பரவியிருக்கிறது. போன வாரம் கிளேபாங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா ஒருவர் முகம் தெரியாதபடி முக்காடு போட்டு என்னைத் தேடி வந்து, குரலைத் தாழ்த்தினார்: "தம்பி, அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல. விட்டுறவா?"

அவருக்கு நோய் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. "விடாதீங்கக்கா. கெளம்புங்க, டாக்டர்கிட்டயே கேப்போம்" என்றேன். முக்காட்டை எடுத்துவிட்டு, அவர் எனக்கு முன்னால் நடந்தார்.