பத்து எண்ணுவதற்குள்

மார்ச் 3, செவ்வாய்

கூடம் முழுக்கச் சுவரொட்டிக் கட்டுகள். கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை காலையிலிருந்து கைபேசியும் காதுமாக நடந்துகொண்டே இருக்கிறார். இன்னும் பதினெட்டு நாளில் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டி. மூவாயிரம் இருக்கைகளில் அறுநூறுகூட விற்கவில்லை. அரங்கம் நிறையும் போல் தெரிந்தால்தான் நேரடி ஒளிபரப்பு என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அது போனால் இதுவே அவர் நடத்தும் கடைசிப் போட்டி. பிறகு அண்ணனின் டயர் கடையில் போய் நிற்க வேண்டும். இதை மகள்தான் சொன்னாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

குறை என்னவென்றால் சண்டை போடப்போகிற இருவருக்கும் நடுவே சண்டையே இல்லை. நம் ஆள் டிரைவர், முன்பு லாரி ஓட்டியவர். எதிராளியை எல்லோரும் மலை என்கிறார்கள். சுவரொட்டிக்குப் படம் எடுக்கையில் முறைக்கச் சொன்னால் இருவரும் சிரித்துவிட்டார்களாம்.

"ரெண்டும் தங்கக் கம்பி அத்தை. தங்கக் கம்பிய டிக்கெட் வாங்கி யாரு பாப்பாங்க?" என்றார் மாப்பிள்ளை.

மார்ச் 5, வியாழன்

மலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வீட்டுக்கு வந்தார். வாசலில் குனிந்துதான் நுழைய முடிந்தது. நூற்றிருபத்தாறு கிலோ. ஓய்வுபெற்ற ஆசிரியை என்று மாப்பிள்ளை என்னை அறிமுகப்படுத்தினார். தேக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "வேணாம் டீச்சர், எனக்கு இதான் பழக்கம்" என்று சுவரொட்டிக் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். பணிவு என்று நினைத்தேன்.

டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "ஏழாவதுல ஒரு பெஞ்சு என்னால உடைஞ்சுது. அடுத்ததும் போயிடும்னு தரையில உட்காரச் சொல்லிட்டாங்க. அங்கேர்ந்து போர்டு சரியாத் தெரியாது. மூணு வருஷம் அதே வகுப்பு, அதே தரை. அப்புறம் பள்ளிக்கூடத்தையே விட்டுட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். "டீச்சர்ங்கிறதால சொல்றேன். வேற யார்கிட்டயும் சொன்னதில்ல."

இன்னொரு டீ கொடுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அடுத்த வாரம் பத்திரிகையாளர் சந்திப்பு. அங்கே டிரைவர் மலையைப் பார்த்துச் சொல்ல நாலு வரி வேண்டுமாம், சுருக்கென்று தைக்கிற மாதிரி.

"நானா? முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தினவ மாப்பிள்ளை நான்."

"அதான் கேக்குறேன். உங்க வாயில விழுந்தவன் எழுந்ததே இல்லைன்னு உங்க பொண்ணே சொல்வா."

மகள் மறுக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மலை, பாறை, யானை என்று எதையெதையோ எழுதி ஐந்து தாளைக் கிழித்தேன். எல்லாம் சப்பென்று இருந்தது. கட்டுரை எழுதும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வது: உதாரணத்தை வானத்தில் தேடாதே, உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து எடு.

எடுத்தேன். அதன்பின் ஒரு வார்த்தைகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சந்தோஷமாகவே இருந்தது. படித்துக் காட்டியதும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொடுத்தது சரிதானா?

மார்ச் 10, செவ்வாய்

பத்திரிகையாளர் சந்திப்பில் டிரைவர் மனப்பாடமாகச் சொன்னார்: "இவன் பள்ளிக்கூடத்துலயே மூணு வருஷம் தரையில உட்கார்ந்தவன். கீழ விழுந்தா எழுந்திருக்கவே தோணாது. நடுவரே, நீங்க நிதானமா பத்து எண்ணுங்க. அவனும் கூடவே எண்ணக் கத்துக்கட்டும்!"

கூடம் அதிர்ந்தது. கேமராக்கள் மலையின் முகத்துக்கு ஓடின. மலை டிரைவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

மார்ச் 11, புதன்

ஒரே நாளில் தொள்ளாயிரம் டிக்கெட்.

மார்ச் 13, வெள்ளி

கடைக்குப் போனால் அங்கே இரண்டு பேர் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. புத்தக அலமாரியைக் காலையில் துடைத்தேன். மத்தியானம் மறுபடி துடைத்தேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 14, சனி

மலை பயிற்சி செய்யும் கொட்டகைக்குப் போனேன். மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, துண்டால் ஒரு பெட்டியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

"நான்தான் எழுதினேன் தம்பி."

"தெரியும் டீச்சர். உங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். "சண்டைக்கு வருவேன், கவலப்படாதீங்க. எனக்குப் பரவால்ல. என் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கிறா. அவ வகுப்புக்குள்ள நுழைஞ்சா பசங்க பத்து எண்ணுறாங்களாம். ரெண்டு நாளாப் போக மாட்டேங்குறா."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருக்கலாம்.

என் வகுப்பில் நான் யாரை எங்கே உட்கார வைத்தேன்? எத்தனை பேரை மறந்துவிட்டேன்?

மார்ச் 16, திங்கள்

இரண்டாயிரத்து நானூறு. ஒளிபரப்பு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு இன்னொரு வரி வேண்டும். "அதே மாதிரி ஒண்ணு போதும் அத்தை."

முடியாது என்றேன். எழுதியது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"சொன்னா எல்லாம் எழுதி வச்ச நாடகம்னு ஆயிடும். டிக்கெட்டத் திருப்பிக் கேப்பாங்க. ஒளிபரப்பு போயிடும். உங்க பொண்ணு கதி?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லையே. நான்தான் தப்பு... நான் எழுதிய பிறகுதானே எல்லாம். மகள் மட்டும் கடைசியில், "அம்மா, உன்னால சொல்லாம இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்" என்று எழுந்து போனாள். அது சம்மதமா, சலிப்பா?

மார்ச் 20, வெள்ளி

எடை பார்க்கும் நிகழ்ச்சி. ஹெவிவெயிட்டில் மேல் வரம்பே கிடையாது, எவ்வளவு கனத்தாலும் சண்டை போடலாம். எடை பார்ப்பதே கேமராவுக்காகத்தான். மலை தராசில் ஏறியதும் பின்வரிசையில் எண்ண ஆரம்பித்தார்கள். நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

"அந்த வரி டிரைவரோடது இல்ல. நான் எழுதிக் கொடுத்தது. இவர் என் வீட்டுல டீ குடிச்சுக்கிட்டு, என்னை நம்பிச் சொன்னத எடுத்து நான் விளம்பரமாக்கிட்டேன். ஒரு பிள்ளைய மூணு வருஷம் தரையில உட்கார வச்சது அந்தப் பிள்ளையோட அவமானம் இல்ல, ஆசிரியரோட அவமானம். நானும் ஆசிரியர்தான்."

யாரோ "நாடகம்!" என்று கத்தினார்கள். மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். டிரைவர் மட்டும் என் அருகில் வந்து, "சொல்லும்போதே எனக்கு வாய் கசந்துது டீச்சர்" என்றார்.

மாலைக்குள் முந்நூறு டிக்கெட் திரும்பி வந்தது. நேரடி ஒளிபரப்பு ரத்து. பதிவு செய்து மறுநாள் போடுவார்களாம்.

மார்ச் 21, சனி

காலி இருக்கைகள் கேமராவில் தெரியாமலிருக்க மேல்தளத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விரித்ததே நான்தானே.

ஆறாவது ரவுண்டில் மலை விழுந்தார். நடுவர் எண்ணத் தொடங்க, அரங்கமும் சேர்ந்துகொண்டது. ஒன்று, இரண்டு... நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் கேட்டது. ஐந்துக்குப் பிறகு சத்தம் மாறியது. எண்ணுவதை விட்டுவிட்டு, "எழுந்திரு! எழுந்திரு!" எட்டில் எழுந்தார். அதன்பின் டிரைவரை அவர் மூலைக்கு மூலை துரத்தியதை நான் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ஒரே புள்ளி வித்தியாசத்தில் மலை தோற்றார். மணி அடித்ததும் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

மார்ச் 23, திங்கள்

மாப்பிள்ளை மகள் மூலமாகத்தான் பேசுகிறார். "உங்க அம்மாகிட்ட உப்பு கேளு." உப்பு என் கைக்குப் பக்கத்தில். அவர் அடுத்த நாற்காலியில்.

ஏப்ரல் 2, வியாழன்

பதிவைப் பார்த்தவர்கள் தொலைக்காட்சிக்கு விடாமல் தொலைபேசி செய்தார்களாம். இருவரையும் மறுபடி மோதவிட்டால் நேரடியாகவே போடுகிறோம் என்று அவர்களே வந்து கேட்டிருக்கிறார்கள். டயர் கடை இப்போதைக்கு இல்லை. "அத்தை, டீ போடுவீங்களா? மலை வர்றாரு" என்றார் மாப்பிள்ளை. பதின்மூன்று நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

மலை குனிந்து உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு சிறுமி, பள்ளிச் சீருடையில்.

"இந்தத் தடவ டீச்சர் ஏதாவது எழுதுவாங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"தேதி, நேரம், அரங்கம். அவ்வளவுதான்."

"அதையும் ஒரு தடவ படிச்சுப் பாத்துக்குங்க."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் கிடந்த சுவரொட்டிகளை ஒதுக்கி மலைக்கு இடம் பண்ணினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூலையிலிருந்த தேக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது ஒருமுறை முனகியது. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. சிறுமி நாற்காலிக் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலப்பா" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு டீ கிடைக்குமா டீச்சர்?"