ஆர்லின் வீட்டுத் தண்ணீர்

பிர்ச் ஹாலோ, சஸ்காச்சுவன்
செப்டம்பர் 8

அன்புள்ள ஆர்லினுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை. நேற்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் கீழ்க்கூடத்தில் கூடியவர்கள்: ஃபாதர் யாரோஸ்லாவ், நகரத் தலைவி கிளெண்டா, தானியக் கிடங்கு லார்ன், சமையல் பொறுப்பு சோன்யா, என் வீட்டுக்காரர் நெஸ்டர், கணக்கு எழுத நான். லார்னின் நாயும் இருந்தது, அதற்கு ஓட்டு இல்லை. பேச வேண்டியிருந்தது அறுவடை விருந்துக்கு எத்தனை வான்கோழி என்று. பேசியது முழுக்க உன்னைப் பற்றி.

நீ லீவில் ஊருக்குப் போனதிலிருந்து நம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவைச் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். நீ திரும்பி வந்து நர்ஸ் வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போட்டால் பழையபடி இரவும் பகலும் திறக்குமாம். நீ ரெஜைனாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, அம்மாவோடு உன் சொந்த ஊர் இலோயிலோவிலேயே இருந்துவிட்டாலோ, பனிக்காலம் தொடங்குமுன் அந்தப் பிரிவை மொத்தமாக மூடிவிடுவார்களாம். மேலதிகாரிகள் கிளெண்டாவிடம் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே உனக்கு என்ன கொடுத்தால் வருவாய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். லார்ன் தன் பழைய ட்ரக்கைத் தருகிறேன் என்றார். கிளெண்டா ஏரிக்கரை வீட்டைக் கோடைக்கு ஒழித்துத் தருவதாகச் சொன்னாள். சோன்யாவுக்கு வந்ததே கோபம். "ட்ரக்கு எதுக்குய்யா அவளுக்கு? ஒரு காப்பியாவது நிம்மதியா குடிக்க விட்டீங்களா? நீதானே கடையில பட்டாணி மூட்டைக்குப் பக்கத்துல நின்னு பேண்ட்ட முழங்கால் வரைக்கும் சுருட்டி அவகிட்ட காட்டினவன்?" என்றாள். லார்ன், "வீங்கியிருந்துச்சே" என்றார். "உன் தலையும்தான் வீங்கியிருக்கு, அத யாருகிட்ட காட்டுறது?" என்றாள் சோன்யா.

சிரித்து முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஈஸ்டர் கூடைகளை மந்திரிக்க நிற்கும்போது உன்னிடம் வாயைத் திறந்து பல்லைக் காட்டியவர்கள் உண்டு. இரட்டை ஷிப்ட் முடித்து நீ தூங்கும் நேரத்தில் உன் கதவைத் தட்டியவர்களும் உண்டு. எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை, ஆர்லின். ட்ராக்டர் தெரிந்தவனிடம் ட்ராக்டரைக் காட்டுவோம், உன்னிடம் உடம்பைக் காட்டினோம். உன்னை நம்மவளாக்கிக்கொண்டோம் என்றுதான் நினைத்தோம்.

ஆகவே தீர்மானம் போட்டோம். ஆஸ்பத்திரிக்கு வெளியே நர்சிடம் உடம்பைக் காட்டுகிறவர் விருந்தன்று வான்கோழித் தட்டங்களைத் தேய்க்க வேண்டும். நீ வரும்வரை, பகல் நேரத்துக்கு மாற்று நர்சாக வந்திருக்கும் டேனியல் என்ற பெண்ணை வைத்துப் பழகுவதாக ஏற்பாடு. கூட்டம் கலைந்து வெளியே வந்தால், அவள் பெர்ரிப் பழக் கேக் சாப்பிட்டபடி நிற்கிறாள், எதிரே நம் ஃபாதர் ஒரு ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். "ஷூக்குள்ள கல்லும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். சோன்யா விடுவாளா? "கல்லு நகத்துக்குள்ளயா போயிருச்சு சாமி? பெரிய தட்டம் உங்களுக்குத்தான்" என்றாள். டேனியல் பெண் சிரித்த சிரிப்பில் கேக் கீழே விழுந்தது. அதற்கு மட்டும் நாய் ஓட்டுப் போட்டது.

நெஸ்டர் நன்றாக இருக்கிறார். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். கதவில் பூட்டும் ஒரு காகிதமும்தான் இருந்தன. அங்கிருந்து மெல்வில் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவழியில் மூஸ் மான் ஒன்று ரோட்டை மறித்து நின்றது. இந்த மனுஷன் அந்த நிலையிலும், "ஹார்ன் அடிக்காதடி, அதுக்கும் அப்பாயின்மெண்ட் இருக்கும்" என்கிறார். அங்கிருந்து ரெஜைனாவுக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இப்போது தானியம் கொட்டி வைக்கும் உருளைத் தொட்டிமேல் ஏற விடுவதில்லை. ஏணியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறார். உன்னை இழுப்பதற்காக இதை எழுதவில்லை என்று ஒரு வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பொய்யை எழுதிவிட்டுப் பூசையில் நன்மை வாங்க எப்படிப் போவேன்?

நீ ஜூலையில் அனுப்பிய செய்தியையும் கூட்டத்தில் வாசித்தேன். அம்மா படுத்திருந்த வார்டில் கட்டிலுக்கு இருவர் கிடந்ததையும், அத்தனை பேருக்கும் இரண்டே நர்சுகள் என்பதையும், உன்னோடு படித்தவர்கள் துபாயிலும் லண்டனிலும் இருப்பதையும் எழுதியிருந்தாயே. அம்மாவைப் பார்க்கப் போன நீ, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த கட்டில்காரர்களுக்கும் பாண்டேஜ் மாற்றியதையும் வாசித்தேன். நெஸ்டர்தான், "அப்ப நாம கேக்குறது அந்த சனங்களோட நர்ஸயா?" என்றார்.

ஜெபமாலையில் உன் முறை வரும்போது எனக்கும் அந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. 'அவளுக்கு எது நல்லதோ அதைச் செய்யும் ஆண்டவரே' என்று முடித்துவிடுகிறேன். அடுத்த மணிக்கு விரல் போவதற்குள் 'இங்கேயே' என்று ஒரு சொல் தானாக வாயில் வந்து விழுந்துவிடுகிறது. அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

அம்மா இப்போது குச்சி ஊன்றி நடக்கிறார் என்று கேட்டுச் சந்தோஷம். அவரை அழைத்து வருவதற்கான காகிதங்களை கிளெண்டா விசாரிக்கிறாள். பெரோகிக் கொழுக்கட்டைக்கு ஓரம் மடிக்க உட்கார்ந்தபடி வேலை செய்யும் ஆள் வேண்டும் என்று சோன்யா இப்போதே ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுவிட்டாள். அவர் வராவிட்டால் அதில் ஃபாதர் உட்காரட்டும், காலுக்கும் நல்லது.

முதியோர் இல்லத்துச் சமையல்காரி ஜோனலின் சனிக்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறாள், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஃபோனில் கேட்டால் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வராது, ஷிப்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வந்ததா? அதனால்தான் கடிதம்.

உன் வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஜெரேனியம் பூத்திருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான். அக்டோபரில் உறைபனி இறுகும், சூடில்லாத வீட்டில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். ஆள் வராத வீடு என்றால் அதற்குமுன் தண்ணீரை அடைத்துக் குழாய்களை வடித்துவிட வேண்டும். வருகிற வீடு என்றால் ஹீட்டரைப் போட்டுவிடுவேன். நெஸ்டர் இரண்டு தடவை சாவியைக் கேட்டுவிட்டார், அடைக்கலாம் என்று. நான் கொடுக்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் தேவதாய் உன்னையும் அம்மாவையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக. தண்ணீரை அடைக்கவா, விடவா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அன்புள்ள,
பாவ்லீன் ஹ்ரின்கோ