நூற்றில் இருபது பேர்

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் "ம்", "சரி" தவிர என் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை என்று போன வாரம் திட்டினாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் அவ்வளவு மோசமில்லை.

இத்துடன் வரும் பெட்டியில் இருப்பது எங்கள் கம்பெனி ரேடியோ. வேலையில் சேர்ந்தவர்கள் ஒரு செட்டை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். ஒரு வருடச் சந்தாவும் இலவசம். செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவதால், மூடியைத் திறந்து வானம் தெரியும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். நாற்பது அலைவரிசைகள், விளம்பரமே கிடையாது. தினமும் மாலை நாலு மணிக்குக் கதை வாசிப்பார்கள். எந்த நாளில் என்ன கதை என்று சொல்லும் ஆறு மாத நிகழ்ச்சித் தாள் உள்ளே இருக்கிறது. நீ மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒரு துணை.

எனக்குச் சந்தாதாரர் பிரிவில் இடம். என் மேசைக்கு முன்னால் பெரிய தூண் ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் நான் இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கு அது சௌகரியம். மேனேஜர் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஓ, இங்கதான் இருக்கீங்களா?" என்பார். நம் வீட்டின் முதல் டிகிரி ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடாதே.

ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஓர் அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார். மாதாமாதம் காசு கட்டி ரேடியோ கேட்பார்களா? இந்தத் தொழில் நிற்குமா? உனக்கு என்ன தோன்றுகிறது?

உன் புதுக் கடை எப்படி? நான் இன்னும் பார்க்கவே இல்லையே.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 24

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

பெட்டி பத்திரமா வந்துச்சு. பிரிக்கும்போதே பக்கத்துக் கடை மெக்கானிக் வந்து நின்னுட்டான். "என்னக்கா, ஓசியில வர்ற ரேடியோவுக்கு மாசாமாசம் பணமா? அடுத்து மூச்சு விடுற காத்துக்கும் சந்தா கேப்பாங்க"ன்னான். "என் தங்கச்சி ஆபீஸ் அது, வாயைக் கழுவிட்டு வா"ன்னேன்.

செட்டு அருமையா பாடுது. கடையும் முன்னைவிட வசதி, நல்ல வெளிச்சம். யூனிபாரம் சீசன், முதுகு நிமிரல. நாலு மணிக் கதை வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன்.

தொழில் நிக்குமான்னு என்கிட்டயா கேக்குற? கணக்குன்னாலே எனக்கு ஆகாது. அதுக்குப் பயந்துதானே பத்தாவதோட கும்பிடு போட்டேன்? ஆனா ஒண்ணு சொல்லு. ஒரு செட்டு வித்தா உங்களுக்கு என்ன மிஞ்சும்? சட்டைக்குக் கூலி சொல்றதுக்கு முன்னாடி நான் அதைத்தான் பாப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் விஷயம். ஆள் சேர வேண்டுமென்று செட்டை அடக்க விலைக்கும் கீழே விற்கிறோம். ஒருவர் பதினாலு மாதம் சந்தா கட்டினால்தான் அந்தக் குறை தீரும். மூன்று வருடத்துக் கோப்புகளைப் புரட்டிவிட்டேன். வீட்டில் வைத்துக் கேட்பவர்கள் சராசரியாக ஒன்பதாவது மாதம் நின்றுவிடுகிறார்கள். நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர்கள் முப்பத்து நாலு மாதம் இருக்கிறார்கள். ஆனால் லாரிக்காரர்கள் கொஞ்சம் பேர்தான்.

மேனேஜருக்கு வீட்டுக்காரர்கள் மேல்தான் கண். "ஊர்ல லாரி எத்தனை, வீடு எத்தனை? யோசிங்கம்மா" என்கிறார். வீடுகளுக்காகவே ஊருக்கு ஊர் கிளை திறக்கும் திட்டம் ஒன்று அவர் மேசையில் காத்திருக்கிறது. வீட்டுக்காரர்களை நிறுத்தி வைப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. உன்னைப் போல நாள் முழுதும் கேட்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை


ஏப்ரல் 6

ஊமைக்கோட்டானே,

சட்டை அளவு எழுதுற சீட்டுக்குப் பின்னால சும்மா கிறுக்கிப் பாத்தேன். நூறு பேர் சேர்றாங்கன்னு வச்சுக்க. அதுல இருபது பேர் லாரிக்காரங்களா இருந்தா, அவங்க மட்டும் அறுநூத்தி எண்பது மாசம் கட்டுறாங்க. மிச்ச எண்பது பேர் எழுநூத்தி இருபது மாசம். ஆகமொத்தம் ஆயிரத்து நானூறு. ஆளுக்குப் பதினாலு மாசம் சரியா வந்துடுது. நூத்துல இருபது இருந்தா செட்டு விலை வந்துடும். செயற்கைக்கோளை மேல அனுப்பின ராக்கெட்டு விலை வராது. அதை யார் தலையில கட்டப் போறீங்க?

தப்பா இருந்தா சிரிக்காதே. துணி வெட்டுறவ புத்தி.

நேத்து நாலு மணிக்குப் புயல்ல மாட்டின கப்பல் கதை. ஊசி விரல்ல ஏறினதுகூடத் தெரியல.

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு செய்திகள். ஒன்று, நிதிப் பிரிவில் மூன்று பேர் நாலு நாள் உட்கார்ந்து அதே இருபதைக் கண்டுபிடித்தார்கள். உன் சீட்டை அவர்களிடம் காட்டவில்லை. பாவம்.

இரண்டாவது, நான் கூட்டத்தில் பேசினேன்! பன்னிரண்டு பேர் முன்னால். முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா, மூலையில பாடுற அந்த ரேடியோவுக்கு மேல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எப்படியோ குரல் வந்துவிட்டது. உன்னைப் பற்றித்தான் பேசினேன். காலையிலிருந்து மாலை வரை மெஷினில் உட்காரும் ஒரு பெண், நாலு மணிக் கதைக்காக எழுந்திருக்காமல் காத்திருக்கிறாள் என்றேன். மேனேஜர் மேசையைத் தட்டி, "இவங்கதான்யா நம்ம சந்தாதாரர்!" என்றார்.

அறிக்கையின் முதல் பக்கமே நீதான், பெயரில்லாமல். மே முப்பதாம் தேதி முதலாளிகள் முன்னால் வைக்கிறோம். அதை நம்பித்தான் கிளைகள் திறப்பார்கள். என் வேலையும் அன்றே நிரந்தரமாகிவிடும் போலிருக்கிறது.

அன்புடன்,
தூணுக்கு வெளியே வந்த உன் தங்கை


மே 14

என் தங்கமே,

மெக்கானிக், மாடிப் பல் டாக்டர், பட்டன் கடைக்காரர் எல்லாருக்கும் சொல்லிட்டேன். மெக்கானிக் "கம்பெனிக்கே அக்காதான் விளம்பரமா?"ன்னு நக்கல் பண்றான். பண்ணட்டும்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை நாலு மணிக் கதையில அந்தக் கலங்கரை விளக்கத்துக்காரர் தனியா இருந்ததை வாசிச்சாங்க பாரு, அழுதுட்டேன். யூனிபாரம் காலர்ல கண்ணீர் சொட்டிடுச்சு. உங்க முதலாளிங்ககிட்ட இதையும் சேத்துச் சொல்லு.

வாழ்க என் கண்ணே.

உன் அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கதை அலைவரிசையை மே ஐந்தாம் தேதியே நிறுத்திவிட்டார்கள். கேட்பவர்கள் போதவில்லையாம். உனக்கு எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் தேதி நாலு மணிக்கு அங்கே எதுவும் வாசிக்கப்படவில்லை. கலங்கரை விளக்கத்துக்காரர் நிகழ்ச்சித் தாளில் மட்டும்தான் இருந்தார்.

உன் செட் ஒருநாளாவது பாடியதா?

எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது. அதோடு போய்ப் பழைய கருத்துப் படிவங்களையெல்லாம் எடுத்து, தாங்களே வாங்கியவர்கள், பரிசாகப் பெற்றவர்கள் என்று இரண்டாகப் பிரித்தேன். பரிசாகப் பெற்றவர்கள் எல்லோரும் "மிக நன்று" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அடுத்த வருடச் சந்தா கட்டவில்லை. கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று எழுதியதையெல்லாம் கூட்டி நாங்கள் சதவீதம் போட்டிருக்கிறோம்.

இன்று காலை மேனேஜரிடம் நானே போனேன்.

"தையல்காரம்மா பக்கத்தை எடுத்துடணும் சார்."

"எதுக்கு? அறிக்கைக்கே உயிர் அதுதாம்மா."

"அது உண்மையில்ல சார்."

"அப்ப அவங்க பொய் சொன்னாங்களா?"

"இல்ல சார். எனக்காகச் சொன்னாங்க."

அவர் அறிக்கையை மூடி வைத்தார். "முப்பதாம் தேதிக்கு முன்னாடி இதைச் சொல்றீங்களே, உங்க வேலை நிரந்தரமாகணும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். புது அறிக்கையில், மற்ற ரேடியோ எட்டாத சாலைகளில் போகிறவர்களுக்காக மட்டும் இந்தத் தொழில் சின்னதாக நிற்கும், வீடுகளை நம்பிக் கிளை திறந்தால் விழும் என்று எழுதியிருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். பத்தாவது முடித்து நீ வீட்டுக்கு வந்த அன்று, "எனக்குக் கணக்கு ஏறலப்பா, சின்னவ படிக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் நம்பினோம். அளவுச் சீட்டின் பின்னால் அந்த இருபதைக் கண்டுபிடித்தவள் நீ. அதுவும் நாலு மணிக் கதைதானா அக்கா?

உன் தங்கை


ஜூன் 8

என் அருமைத் தங்கைக்கு,

அகப்பட்டுக்கிட்டேன். புதுக் கடை தரைக்கும் கீழே இருக்கு, வண்டி நிறுத்துற இடத்தை ஒட்டி. வெளிச்சம்னு எழுதினது ட்யூப்லைட்டை. அங்க உக்காந்து வானத்தை எங்க தேடுறது? செட்டை ஆன் பண்ணா "தேடுகிறது, தேடுகிறது"ன்னு எழுத்து ஓடும். அது பாட்டுக்குத் தேடும், நான் பாட்டுக்குத் தைப்பேன். ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒரே ஒரு பாட்டு வந்துச்சு. அதுக்குள்ள வாட்ச்மேன் வந்து இறக்கிவிட்டுட்டார். உன் முதல் சம்பள ஆபீஸ்ல இருந்து வந்த முதல் சாமான். அது பாடலன்னு எப்படிடி எழுதுவேன்?

நீ என்னை வச்சு அறிக்கை எழுதுவேன்னு கனவா கண்டேன்? மே மாசம் நீ எழுதினதும் உண்மையைச் சொல்லியிருக்கணும். பெருமையில மயங்கிட்டேன். அது என் தப்பு.

சீட் கவர் தைக்க ஒரு லாரி டிரைவர் வருவார். செட்டை அவர் வண்டியில வச்சுவிட்டேன். பத்து நாள் கழிச்சு வந்தார். "மலை ஏறுறப்ப எல்லா ஸ்டேஷனும் செத்துடும்மா. இது மட்டும் பேசிக்கிட்டே வருது. வருஷம் முடிஞ்சா பணம் எங்க கட்டணும்?"னு கேட்டார். அவரே கேட்டார், நான் வாயைத் திறக்கல. உன் ஆபீஸ் விலாசம் எழுதிக் குடுத்தேன். இருபதுல ஒருத்தரைப் பிடிச்சாச்சு. மிச்சம் பத்தொன்பதை நீ பாத்துக்க.

கையெழுத்துப் போட்டாரா உங்க மேனேஜர்? வேலை போச்சுன்னா கவலைப்படாதே, இங்க பட்டன் தைக்க ஆள் இல்ல. ஆனா நீ சொன்னதை மாத்தாதே. நீயா எழுந்து போய்ச் சொன்னேன்னு படிச்சப்ப, மெஷினை நிறுத்திட்டு மறுபடி முதல்ல இருந்து வாசிச்சேன்.

லீவு கிடைச்சா வா. வந்து கடையைப் பாரு.

உன் அக்கா

பி.கு.: கணக்கு எனக்கு நல்லாவே வரும். இதை எந்த அறிக்கையிலும் எழுதாதே.