பதினோராம் மாடியிலிருந்து பரீதாவுக்கு

என் செல்லத் தங்கச்சி பரீதா,

நீ நம் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்த அந்தத் தலைமைத்துவப் பயிற்சி சில மாதங்களுக்கு முன் முடிந்துவிட்டது. நான் போனேனடி. தனியே போனேன். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

கொம்யூனிற்றி சென்ரரில் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று உன்னோடு சண்டை பிடித்தேன். "எனக்கென்னத்துக்குத் தலைமைத்துவம்? நான் என்ன எலெக்சனுக்கே நிக்கப்போறன்?" என்றேன். நீ சிரித்தாய். "எலிவேற்றர் பழுதாகி நிக்கிற நேரமெல்லாம் நாங்க ரெண்டு பேரும் படியில நிண்டு ஏசுறம் அக்கா. அந்த ஏச்சை ஆரிட்டப் போய்ச் சொல்லோணும் எண்டு அங்க படிப்பிக்கிறாங்களாம். வாங்களன்" என்றாய். இந்த டோர்செட் பார்க் பகுதியில் இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் அதுகூடத் தெரியாமல்தானே இருந்தோம்.

வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய கிழமை நீ போய்விட்டாய். அந்தக் காலையில் எலிவேற்றர் இரண்டுமே வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நான் ஓடி வந்தபோது நீ நெஞ்சைப் பிடித்தபடி சோபாவில் சாய்ந்திருந்தாய். உன் கணவர் நசீர் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ்காரர் பதினோராம் மாடிவரை ஏறி மூச்சிரைக்க வந்தபோது, என் கைக்குள் உன் கை குளிர்ந்து போயிருந்தது. அவர்கள் வேளைக்கு வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? வைத்தியரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.

முதல் வகுப்பில் உன் பெயரையும் கூப்பிட்டார்கள். நீ போனதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வகுப்பை நடத்திய அபிராமி இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டாள். "அவ மோசம் போயிட்டா, பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பஸ் தரிப்பில் பனிக்குள் நின்று அழுதேன். அடுத்த கிழமை ஏன் திரும்பப் போனேன்? வீட்டில் இருந்தால் உன் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதாலாக இருக்கலாம்.

கூட்டம் கூட்டுவது, கோபத்தில் கத்துகிறவரை அமர்த்துவது, கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை விடாமல் நிற்பது என்று பலதும் பழக்கினார்கள். கடைசியாக ஒவ்வொருவரும் தங்கள் இடத்துப் பிரச்சினை ஒன்றுக்குக் கூட்டம் கூட்ட வேண்டும். நான் வேறு எதை எடுப்பேன்?

"அன்ரி, உங்கட ஃபிரெண்டுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. மனேஜ்மென்ட் கட்டாயம் லிஸன் பண்ணும். உங்கட ஸ்ரோரிதான் பவர்" என்றாள் அபிராமி. எனக்கும் அப்படித்தான் பட்டது. நசீரிடம் கேட்கப் போனேன்.

"அவட பேரை அங்க எடுக்க வேணாம் அக்கா" என்றார்.

"நாலு சனத்துக்கு நல்லது நடக்குமெல்லோ, தம்பி?"

"நடக்கட்டும். நான் அந்தப் படியாலதான் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிறன். 'இவர்ட பெஞ்சாதிதான் அது' எண்டு சனம் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்கேலாது. புள்ளையள்ட்டயும் கேப்பாங்க."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கீழே, கட்டட வாசலை ஒட்டிய லொபியில் கூட்டம் வைத்தோம். எதிர்பார்த்ததில் அரைவாசிப் பேர்கூட வரவில்லை. நான் என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாம் மாடியில் சக்கர நாற்காலியோடு அடைபட்டுக் கிடக்கும் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அபிராமி ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். பாகங்கள் வர வேண்டும், பொறுங்கள் என்ற பழைய கதையையே கட்டட மனேஜர் சொன்னார். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லியிருந்தால் அந்த முகம் மாறியிருக்கும். சொல்லவில்லை, பரீதா. எப்போது வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்தக் கோடைக்குள் ஒரு எலிவேற்றரை மாற்றித் தருவதாக எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். மற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் செய்தது சரியா? நீ என்றால் என்ன செய்திருப்பாய்?

போன மாதம் நசீர் பிள்ளைகளோடு மல்வேர்ன் பகுதியில் தன் தமையன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டார். அன்றும் எலிவேற்றர் நின்றுவிட்டது. உன் சோபாவைப் படிவழியேதான் இறக்கினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

உன் பெயரோடு இதை எழுதலாமா என்று கேட்க நசீருக்குப் போன் எடுத்தேன். "எழுதுங்க அக்கா. ஆனா அவ மவுத்தானதை மட்டும் எழுதி முடிச்சுப்போடாதீங்க. அவ எப்பிடி இருந்தா எண்டும் எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன். என் மகனின் கலியாணத்துக்கு என்னைவிட முதல் உடுத்து வெளிக்கிட்டு நின்றவள் நீ. கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து ஏச்சு வாங்கியவள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்காமலே கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள். கோபம் வந்தால் ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கத் தெரியாதவள்.

இப்போது மாதம் ஒருமுறை லொபியில் கூடுகிறோம். கதிரைகளை நான்தான் அடுக்குகிறேன். யாருமே வராத மாதத்திலும் அடுக்குவேன். மற்ற எலிவேற்றரும் மாறும்வரை அந்த மனேஜரை விடமாட்டேன். பெருநாளுக்கு உன் பிள்ளைகளிடம் போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு கூடப்பிறக்காத அக்கா,
சரோஜா