விருப்பமில்லை என்று எழுதிய படிவம்

அன்பு மகனுக்கு,

இங்கே மூவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. உன் அப்பாவின் கையில் கட்டு அவிழ்த்தாகிவிட்டது, தோல் மூடிவிட்டது, விரல்கள்தான் இன்னும் மடங்கவில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைத் தட்டிவிடுகிறார், இந்த விஷயத்தை ஸ்பீக்கரில் பேச முடியாது.

நீ அனுப்பிய பார்சல் போன மாதம் வந்தது. இரண்டு படுக்கை விரிப்பும் நல்ல துணி, சின்னவள் நீலத்தை எனக்கு என்று அப்போதே எடுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணா, கடையில் வாங்கிய விரிப்பு கடை மடிப்பில் வரும், உள்ளே அட்டை இருக்கும், விறைப்பாக இருக்கும். நீ அனுப்பியது ஒருமுறை அலசி உலர்த்தியது. கரை உள்ளே போக நீளவாக்கில் இரண்டு, பிறகு மூன்றாக, மடிப்பு ஓரமெல்லாம் ஒரே பக்கம். நூறு விரிப்பை அடுக்கினாலும் கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளி எண்ணிக்கொண்டே போகலாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக உன் அப்பா மடித்த மடிப்பு அது, நம் வீட்டுப் பெட்டியில் என் புடவைகூட அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் இருந்தவரை நீ ஒரு கைக்குட்டை மடித்துப் பார்த்ததில்லை. பி.காம். படித்துவிட்டு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த மடிப்பு எப்படிப் படிந்தது, புதுத் துணியை அலசாமல் கட்டிலில் போடக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன். வீடியோவில் பேசும்போதெல்லாம் ஒரு கையைக் கீழேயே வைத்திருப்பாய், அதுவும் நினைவுக்கு வந்தது. அப்பா வந்து பார்ப்பதற்குள் இரண்டையும் உதறி விரித்துவிட்டேன். மறுநாள் நான் கூப்பிட்டபோது உன் அறை நண்பன் எடுத்தான். பாவம், அவனைத் திட்டாதே, நீ எங்களிடம் மறைத்தது அவனுக்குத் தெரியாது. "ஓட்டல் லாண்டரில கான்ட்ராக்ட் ஷிப்ட் முடிஞ்சு எட்டு மணிக்குத்தாம்மா வருவான், வந்ததும் பேசச் சொல்லட்டுமா" என்றான். வேண்டாம் தம்பி, சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த வேலையைக் கேவலம் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இருபத்து மூன்று வருடம் இந்த வீட்டில் குடும்பம் நடத்தியிருக்க முடியாது. உன் தாத்தா அதே ஆஸ்பத்திரியின் பின்வாசல் வரை அழுக்கு மூட்டையைத் தலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பியவர், உள்ளே போக அவருக்கு அனுமதி கிடையாது. உன் அப்பா உள்ளே போனார், நிரந்தரமானார். மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எழுத்தர்களைப் போல நீ ஆவாய் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். இப்போது பட்டத்தையும் வாங்கிக்கொண்டு நீ கீழேயே நிற்கிறாய், அதுவும் ஒப்பந்தக்காரனிடம். அப்பாவின் கை ஆவி இஸ்திரியில் மாட்டியபோது சிகிச்சை கொடுத்தார்கள், சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள், இனி பென்ஷன் வரும். உன் கை மாட்டினால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். இதை நினைத்தால் எனக்குப் புத்தகத்தில்கூட மனம் ஓடமாட்டேன் என்கிறது.

அப்பாவை மருத்துவக் காரணத்தால் வேலையிலிருந்து விடுவிக்கும்போது, அவர் இடத்துக்குக் குடும்பத்தில் ஒருவரை எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. இந்த மாதம் இரண்டாம் தேதி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். சலவைக்கூடத்து ஆட்கள் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பாய்லர்காரர் உன் அப்பாவிடம், "ஆபீசரோட அப்பா, நாளைக்கு ரோட்ல பாத்தா எங்களத் தெரியாதுன்னு சொல்லிடாதீங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். "மூட்டை எங்கப்பனோட வந்துச்சு, என்னோட போகட்டும். என் பையன் ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கான்யா" என்று சொல்லி, இடது கையால் கோணல்மாணலாக விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியும், தெரிந்தும் தலையாட்டினேன். அத்தனை பேர் நடுவில் வேறென்ன செய்வது. வெளியே வரும்போது எழுத்தர் என்னிடம் மட்டும் மெதுவாக, "பத்து நாள் என் மேசையில இருக்கும்மா, அப்புறம் மேல போயிடும். எத்தனையோ பேர் அழுதுகிட்டுத் திரும்பி வந்திருக்காங்க" என்றார்.

உன்னைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி அப்பாவின் இடத்தில் நின்றால் அவர் உடைந்துபோவார், நீ அவருக்கு முன்னால் உடைந்துபோவாய். சின்னவள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். "நான் போறேம்மா, நர்சிங் எங்க ஓடிடப் போகுது" என்றாள். பதினேழு வயதுப் பெண் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டாம் நாள் தனியாகப் போய் அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கி, மனைவி என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தைந்து வயது வரை எடுப்பார்களாம், எனக்கு நாற்பத்திரண்டு. "பள்ளிக்கூட லைப்ரரில புக் துடைக்கிற கையிம்மா, பிளீச்சிங் பவுடர் தாங்குமா" என்று எழுத்தர் கேட்டார். புத்தகம் துடைக்கிற வேலைக்கு என்ன நிரந்தரம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன், அவர் படிவத்தில் முத்திரையைக் குத்தினார்.

உன் அப்பா என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. சலவைக்கூடத்து ஆட்கள் சொல்லித் தெரிந்த முதல் நாள் மட்டும் கேட்டார், "உன் புள்ள மேல உனக்கே நம்பிக்கை இல்லையா" என்று. ஊரெல்லாம் கேட்க அவர் சொன்ன வார்த்தையை நான் போய் அழித்துவிட்டு வந்திருக்கிறேன், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சட்டைப் பித்தானைப் போட்டுவிடக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை, சின்னவளைக் கூப்பிடுகிறார், அவள் பள்ளிக்குப் போய்விட்டால் திறந்த சட்டையோடே உட்கார்ந்திருக்கிறார். உன்னைக் காட்டிக்கொடுத்து என்னை நல்லவளாக்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் இதை எத்தனை நாள் சுமப்பேன் என்றும் தெரியவில்லை. சின்னவள் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், இனி அவளுக்கென்று நீ வாயைக் கட்டாதே. ரப்பர் கையுறை போடாமல் பிளீச் தொட்டியில் கை வைக்காதே, தரவில்லையென்றால் சொந்தமாக வாங்கிக்கொள். வேறு வேலைக்கு எழுதிப் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் வேலையில் சேர வேண்டும். அதற்கு முன்னால் நீ அவருக்கு எழுது. என்ன வேலை, எங்கே, எத்தனை நாளாக என்று உள்ளதை உள்ளபடி எழுது, அம்மாவுக்குத் தெரியும் என்றும் எழுது. அவர் சத்தம் போடுவார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உறையின் மேல் என் பெயரைப் போடாதே, அவர் பெயரைப் போடு, வந்தால் அப்படியே கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். வராவிட்டால், நம்பிக்கை இல்லாதவளாகவே நான் அந்த வாசலுக்குள் போவேன், அதற்காக உன்னைக் கோபிக்க மாட்டேன்.

நீ எங்கே நின்று என்ன வேலை செய்தாலும் கை கால் சுகத்தோடு நீண்ட காலம் நன்றாக இரு. தபால் இங்கே வந்து சேர ஐந்து நாள் ஆகும், மறக்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா