லைசென்ஸில் இருக்கும் முகம்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பள்ளி வேன் ஒரு வாரமாக வாசலிலேயே நிற்கிறது. "ரிப்பேரா?" என்று பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "உங்க மேல பிடிவாரண்ட் இருக்குங்க. அது முடியாம லைசென்ஸ் தர முடியாது" என்றார். பைக்கில் சிக்னலைத் தாண்டிய வழக்காம். கோர்ட்டுக்கு நான் போகவே இல்லையாம். தேதியைக் கேட்டேன். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே இருந்தேன். பைக்கை நீ எடுத்துப் போயிருந்தாய். என் லைசென்ஸ் அதன் பெட்டியில்தான் கிடந்தது. நம் இருவர் முகமும் ஒரே அச்சு.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். நீதிபதி தலை நிமிராமல், "வண்டி ஓட்டினது நீங்கதானா?" என்று கேட்டார். உன் புது வேலைக்குப் போலீஸ் விசாரணை நடக்கிற சமயம்.

"நான்தாங்க" என்றேன்.

அபராதம் போட்டு வாரண்டை ரத்து செய்தார்கள். இன்று லைசென்ஸும் கிடைத்துவிட்டது, புதுப் போட்டோவோடு. அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"சின்னவனா? ரொம்ப எளைச்சிட்டானே" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்